கண்ணோரத்து மஞ்சள்

“ராத்திரிக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடலையே ஆன்ட்டி?” என்று கேட்ட பெண்ணுக்கு இல்லையென்று தலையசைத்துவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான், அவள் கேட்டது ஒருசந்தி இருக்கிறாயா என்ற பழைய கேள்விதான் என்று தோன்றுகிறது. சாம்பல் புதன்கிழமை காலையில் அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அதைத்தான் கேட்பாள். “யார் யாருக்கு இன்னைக்கு ஒருசந்தி, இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் பசிக்குதுன்னு என் முந்தானையப் பிடிச்சு இழுக்கக் கூடாது.” நான் முதலில் கை தூக்குவேன். ஒருவேளை மட்டும் உண்டு நாளைக் கழிப்பதில் எனக்கொரு பெருமை இருந்தது. அப்பா தூக்கமாட்டார். ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் வாடையில் நிற்கிறவனுக்கு வெறும் வயிறு ஆகாது, ஆண்டவருக்கு அது தெரியும் என்று சொல்லிவிட்டு இட்லியைத் தட்டில் போட்டுக்கொள்வார். இங்கே, இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஸ்பிரிட் வாடை. சுவரில் தொலைக்காட்சி ஓசையில்லாமல் எதையோ விற்றுக்கொண்டிருக்கிறது. எனக்குப் பசியில்லை, காபிதான் வேண்டியிருக்கிறது, அதுவும் குடிக்க வேண்டுமென்றில்லை, யாராவது பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்கூடப் போதும். அப்படி உட்காரக்கூடியவள் ஜெனிட்டாதான். என் ஒரே மகள். கல்யாணப் புடவை எடுப்பதற்காக நேற்று பெங்களூரிலிருந்து வந்தவள், இன்று காலை நான் கிளம்பும்போது தானும் வருகிறேனென்று செருப்பை மாட்டிக்கொண்டாள். கவுன்டரில் முதுகைக் காட்டி நின்று எனக்காகப் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பில்லுக்கு இவ்வளவு நேரமா? அந்தப் பெண் ஏதோ கேட்கிறாள், இவள் குனிந்து சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். வேற்று மனிதரோடு நின்ற இடத்தில் சிரிப்பது இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை, அது அப்பாவின் சுபாவம். ஆனால் இன்று காலை அவள் காபி கேட்கவில்லை. கண் திறந்ததும் காபி வராவிட்டால் வீட்டை இரண்டாக்குகிறவள், பல் துலக்கிவிட்டு வந்து ஜன்னலருகே நின்று தலையை வாரிக்கொண்டாள். நான் பட்டினி இருக்கும்போது தான் குடிக்கக் கூடாதென்று நினைத்திருப்பாள். இரக்கமுள்ள பெண்தான். இருந்தாலும் அவ்வளவு இரக்கமா?

பட்டினி என்பது எனக்குப் புதிதில்லை, முடிவில்லாத பட்டினிதான் புதிது. தவக்காலம் என்றால் அதன் மறுமுனையில் ஈஸ்டர் இருக்கும். பெரிய வெள்ளியன்று கஞ்சியும் துவையலுமாகக் கிடந்த அடுப்பு, சனிக்கிழமை நள்ளிரவுப் பூசை முடிந்து வரும்போதே விழித்துக்கொள்ளும். அம்மா கோயில் புடவையோடு மசாலா அரைக்கத் தொடங்குவாள், விடியும்போது ரயில்வே காலனி முழுக்க ஒரே மணம். அந்த மணத்துக்காகத்தான் அத்தனை வெள்ளிக்கிழமைகளும் சுத்தபோசனம் என்று புலாலை விலக்கினோம். போன வருடத் தவக்காலத்தில் எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஈஸ்டரும் போயிற்று, இந்த ஈஸ்டரும் போயிற்று, எனக்குத் தவக்காலம் மட்டும் மாறவில்லை. ஓட்ஸ் கஞ்சி, தோலோடு பயறு, ஆளிவிதைப் பொடி, எண்ணெயைக் காட்டி எடுத்த தோசை. என் கணவர் பெயர் இருதயராஜ். “இருதயம் என் பேர்ல, நோவு மட்டும் உன் பேர்லயா பிலோ?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டவர், வீட்டுக்கு வந்ததும் ஆள் மாறிவிட்டார். யார் எதைச் சொன்னாலும் வாங்கி வந்துவிடுவார். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா மருதம்பட்டைக் கஷாயம் சொன்னாள், வாங்கி வந்தார். அலுவலகத்தில் யாரோ வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார்கள், இரவே ஊறவைத்தார். பூண்டு, தினமும் பூண்டு, மாலையில் செய்தி பார்த்துக்கொண்டே நானே உரிக்கும் பூண்டு, அதன் வாடை என் விரல் ரேகைகளுக்குள் குடியேறிவிட்டது, எந்த சோப்புக்கும் அசைவதில்லை. மீன் எண்ணெய் மாத்திரையை விழுங்குவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். தேன் நிறத்தில் உருண்டையாக, உள்ளே ஒரு சின்னச் சூரியன் அடைபட்டதுபோல் இருக்கும். கான்வென்ட்டில் சிஸ்டர் பெலிசிட்டா எங்களை வரிசையில் நிறுத்தி வாயில் போட்ட சுறா எண்ணெய் மாத்திரையும் இதே நிறம்தான். கடித்துவிடுகிறவர்கள் உண்டு, கடித்துவிட்டு வகுப்பு முழுக்க நாறடிப்பார்கள். நான் கடித்ததில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. இப்போதும் அப்படித்தான், டாக்டர் எழுதிக்கொடுத்த இரவு மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை, கெண்டைக்கால் சதை வலித்தபோதும் விடவில்லை, வலியைச் சொன்னேன், வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டெல்லா அக்காவுக்கு அதில் வருத்தம். “இங்கிலீஷ் மருந்த நிறுத்திட்டுப் பட்டையக் குடிச்சுப் பாரேன் பிலோமினா.” குடிக்கிறேன் அக்கா, இரண்டையும் குடிக்கிறேன் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

கொழுப்பு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பொன்மலைச் சந்தையில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவார். கறிக்கடையில் நிற்கும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்தே குரல் கொடுப்பார். “பாய், கொழுப்பு கொஞ்சம் தாராளமாப் போடுங்க, பிள்ள சாப்பிடும்.” பாய் வெள்ளையாக ஒரு கட்டியை எடுத்துக் கறியின்மேல் வைப்பார், ஒரு மாலையை வைப்பதுபோல. அது தராசில் ஏறாத மரியாதை. வீட்டில் அம்மா அதைத் தனியாக வதக்கி, உருகி மொரமொரப்பான பிறகு உப்புத் தூவி என் உள்ளங்கையில் வைப்பாள். இன்னொரு கொழுப்பும் உண்டு, அது என் வாயில் இருப்பதாக அம்மா சொல்லுவாள். “கொழுப்பாடி ஒனக்கு? பெரியவங்க பேசறப்போ குறுக்க பேசற?” அப்பா பக்கத்திலிருந்தால், “நாம வாங்கிப் போட்டதுதானே லூர்து, எங்க போகும்?” என்று அம்மாவிடம் சொல்வார். சிரிக்கும்போது அப்பாவின் இமைகள் சுருங்கும், மூக்கை ஒட்டிய கண்ணோரத்தில் மேல் இமைமேல் இருந்த ஒரு மஞ்சள் திட்டு மடிந்து மறைந்து மறுபடி வெளிவரும். இரண்டு கண்ணிலும் இருந்தது, வலது கண்ணில் நீளவாக்கில், ஒரு நெல்மணி அளவு. அப்பாவுக்கு வேலை ரயில்பெட்டிகளில் எழுத்து எழுதுவது. செங்கல் நிறப் பெட்டியின் மேல் மஞ்சள் எழுத்து, பெட்டியின் எண், ஆள் ஏறும் கணக்கு, தெற்கு ரயில்வே. அதனால் அந்த மஞ்சள் பெயின்ட்தான் கண்ணில் தெறித்து ஒட்டிக்கொண்டதென்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள், நான் அதை நம்பினேன். எவ்வளவு நம்பினேனென்றால், ஒரு ஞாயிறு மதியம் கறிச்சோறு உண்டுவிட்டு அப்பா பாயில் உறங்கும்போது, அவருடைய டப்பாவிலிருந்து டர்பன்டைனில் பஞ்சை நனைத்து இமையைத் துடைத்தேன். எரிச்சலில் துள்ளி எழுந்தார், அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். “கொழுப்பாடி, அப்பா கண்ண அவிக்கப் பாத்தியே.” அப்பா கண்ணைக் கழுவிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னார். “அது போகாது பிலோ. ரெண்டு கோட்டு அடிச்சது.” காலனிப் பெண்கள் அதைப் பெயின்ட் என்று சொல்லவில்லை, தங்கம் என்றார்கள். கண்ணில் தங்கம் வைத்துப் பிறந்தவர், கையில் நிற்கும் என்றார்கள். கையில் எதுவும் நின்றதில்லை, ஆனால் சொல் நின்றுவிட்டது. முப்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் கண்ணாடியில் என் இடது இமையில் அதே மஞ்சள் தலைகாட்டியபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன். சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, நான் நகரவில்லை, அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெனி திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறாள், இன்னும் கொஞ்சம்தான் என்கிற மாதிரி. எதற்கு இன்னும் கொஞ்சம்? எழுந்து போய்க் கேட்கலாம், எழுந்தால் இந்த நாற்காலி போய்விடும், எதிரே ஒரு பெரியவர் கைத்தடியோடு நின்று நாற்காலிகளை நோட்டம் விடுகிறார். அப்பா பெரியவரே ஆகவில்லை. ஐம்பதைத் தொடவில்லை. இப்போது நான் அவரைவிட மூத்தவள், இது நினைக்கும்தோறும் கணக்கில் தவறு வந்ததுபோல் உறுத்துகிறது, எதிரில் வந்தால் தம்பி என்று அழைக்க வேண்டிய வயதில் அப்பா. அன்றும் ஞாயிறு. மாலையில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார், வாயு என்றார். அம்மாவும் வாயு என்றாள், பக்கத்து வீட்டிலும் வாயு என்றார்கள், மத்தியானம் கறி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று எல்லாருக்கும் காரணம் தயாராக இருந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். நான் முனைக்கடைக்கு ஓடிக் கோலி சோடா வாங்கி வந்தேன், ஓடி வந்ததில் குலுங்கி, உடைத்ததும் பொங்கி அப்பா சட்டையில் வழிந்தது. குடித்தார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். “வந்துடுச்சு” என்றார், “சரியாப் போச்சு.” அந்த ஏப்பத்தைக் கேட்டு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். படுத்தவர் எழவில்லை. அவர் நினைவாக வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம், வேலைக்குச் சேர்ந்த பின் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் அந்த மஞ்சள் இல்லை. சாம்பல் கறையாகத் தெரிகிறதே என்று ஸ்டூடியோக்காரர் நல்லெண்ணத்தில் தூரிகையால் தொட்டு மறைத்துவிட்டாராம். ஆகவே அப்பாவின் தங்கம் எந்தப் படத்திலும் இல்லை, என் முகத்தில் மட்டும் இருந்தது.

ஏப்பம்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் என் இருதய டாக்டர் நஸ்ரின் சிரிப்பார், சொல்லியிருக்கிறேன், சிரித்தார். போன வருடம் எனக்கு வந்தபோது நெஞ்சு வலிக்கவேயில்லை, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் அழுத்தம், தாடையில் பல் கூச்சம்போல ஒரு வலி. குடிநீர் வாரியத்தில் வரைவாளர் வேலை, வரைபடத்தின்மேல் குனிந்தே கழுத்து இறுகிப்போனவள் நான், அதனால் கழுத்து என்று நினைத்தேன். இருதயராஜ் வாயு என்றார். ஃபிரிட்ஜிலிருந்து சோடாவை ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன், ஏப்பம் வந்தது, உடம்பு லேசானது, அவர் முகத்தில் நிம்மதி படர்ந்தது, அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குக் காலடியில் தரை நழுவியது. அது பொன்மலை வீட்டில் நான் பார்த்த நிம்மதி. என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “ஏப்பம்தான் வந்துடுச்சே பிலோ” என்றார். அதனால்தான் போகணும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சாவியை எடுத்தார், அதற்காக அவரை எத்தனை பிழைகளுக்கும் மன்னித்துவிடலாம். எல்லாம் முடிந்து ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்த பிறகு டாக்டர் நஸ்ரின் அறிக்கையைப் படித்தவாறே வந்தார், கொழுப்பு மிக அதிகம் என்றார், நல்லது குறைவு, கெட்டது கூடுதல். “இதுக்கு ரத்தம் எடுக்கணுமா டாக்டர்? என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்று இருதயராஜ் சொல்ல, அந்த அம்மாளும் சிரித்துவிட்டுத் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. அருகே வந்து விரல் நுனியால் என் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். “இது எப்போலேர்ந்து இருக்கு?” அது எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது என்றேன், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். “அப்பா இருக்காங்களா?” இல்லை. “எப்படி?” வாயு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த மஞ்சள் கொழுப்புதான் என்றார். எல்லாருக்கும் அப்படியென்று சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக் கதையைக் கேட்டால் அப்படித்தான் என்றார். “நீங்க சாப்பிட்டதால மட்டும் வந்தது இல்லம்மா. உங்க ஈரலே தயார் பண்ணுது, ரத்தத்துலேர்ந்து அத எடுத்துக்கற கதவு பாதிதான் தொறக்குது. அப்பாவுக்கும் அப்படி இருந்திருக்கும். சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணும், ஆனா மாத்திர இல்லாம இது அடங்காது.” அப்புறம், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரே பெண் என்றேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவளுக்கு ரத்தம் பார்த்துவிடுங்கள், இந்த வயதிலேயே தெரிந்தால் இந்தக் கட்டிலுக்கு வரவே வேண்டாம் என்றார். நான் வரைகிற குழாய்களில் எந்த வளைவில் படிவு சேரும் என்று எனக்குத் தெரியும், பச்சை மையில் குறியிட்டு வைப்பேன், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் மகளுக்குக் குறியிட்டுக் காட்ட எனக்கு ஒரு வருடமாகக் கை வரவில்லை.

கை வராததற்குக் காரணம் உண்டு. அதைக் காரணம் என்று சொல்லலாமா என்று இப்போது ஐயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில மாதத்தில் திண்டுக்கல்லிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் லியோ, பெங்களூரிலேயே வேலை, ஜெனிக்கு முன்பே பழக்கம் என்று பிறகு தெரிந்தது. “முதல்ல கல்யாணம் முடியட்டும் பிலோ” என்றார் இருதயராஜ். “பொண்ணுக்கு இருதயத்துல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா அது ஊர் சுத்திட்டுத்தான் வரும்.” கோளாறு என்று யார் சொன்னது, ரத்தம்தானே பார்க்கச் சொன்னார்கள் என்றேன். “ஊருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?” நான் பூண்டு உரித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாயிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அறிந்தவள் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இது தடையில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த வாக்கியம் காதில் விழும்போது என் முகம் என்ன ஆகும் என்று நினைத்து ராத்திரி மாத்திரையோடு விழித்துக் கிடக்கிறேன். இதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் வீடியோவில் பேசும்போது ஜெனி கேமராவை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்து, “அம்மா, இங்க பாரேன், தெரியுதா?” என்றாள். கண் ஒன்று திரை முழுக்க நிறைந்தது. தெரியவில்லை என்றேன். “நல்லாப் பாரும்மா. தாத்தாவோட தங்கம். எனக்கும் வந்துடுச்சு.” ஒரு கடுகளவுதான், மூக்கையொட்டிய ஓரத்தில். அவள் தாத்தாவைப் பார்த்ததில்லை, அவளுக்குத் தாத்தா என்பது தூரிகை தொட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் நான் தூங்கவைக்கும்போது சொன்ன டர்பன்டைன் கதையும்தான். அந்தக் கதையை எத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாள், ரெண்டு கோட்டு அடிச்சது என்ற இடம் வரும்போது தானும் சேர்ந்து சொல்லுவாள். சின்ன வயதில் மஞ்சள் க்ரேயானால் தன் இமையில் தடவிக்கொண்டு பள்ளிக்குப் போனவள். அவளிடம் நான் என்னவென்று சொல்வது? உன் தாத்தா உனக்கு விட்டுப்போனது நகையில்லை, அவரைக் கொண்டுபோனதுதான் என்றா? ரொம்ப அழகா இருக்கு கண்ணு என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். இதை மட்டும் செய்யவில்லை.

வந்துவிட்டாள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் தோளில் சாய்கிறாள், தலையில் ஷாம்பூ மணம். “பசிக்குதாம்மா?” இல்லை. “எனக்குப் பசிக்குது. தலைய வலிக்குது.” காபி குடித்திருக்கலாமே, யார் வேண்டாமென்றது என்கிறேன். அவள் என் கையை எடுத்து மூக்கருகே வைத்து மோந்துவிட்டு, “பூண்டு” என்கிறாள், கண்டுபிடித்தவள்போல. இப்போது சொல்லிவிடலாம். இங்கே, இந்த வெளிச்சத்தில், யாரும் நம்மைக் கவனிக்காத இந்தக் கூட்டத்தில் சொல்வது எளிது. ஜெனி, டாக்டர் ஒன்று சொன்னார் என்று தொடங்கினால் போதும், மற்றது தானாக வரும். தொண்டையில் அந்தச் சொற்களை வரிசைப்படுத்துகிறேன், வரைபடத்தில் கோடு இழுப்பதற்கு முன் புள்ளிகளை வைத்துக்கொள்வதுபோல. டாக்டர். கொழுப்பு. உனக்கும். இல்லை, கொழுப்பு என்று தொடங்கினால் சிரிப்பாள். தாத்தா என்று தொடங்கினால் கதை கேட்கத் தயாராகிவிடுவாள், அது அதைவிட மோசம். எதிரில் நின்ற பெரியவருக்கு இடம் கிடைத்துவிட்டது, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நட்டுவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளே ஒரு குழந்தை ஊசிக்கு வீறிடுகிறது. ஜெனி என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். ஊசியென்றால் இவளுக்கு ஆகாது, பள்ளியில் தடுப்பூசி போட்ட அன்று பெஞ்சிலிருந்து சரிந்தவள், இங்கே வருகிறேன் என்று ஏன் சொன்னாள், வாசலிலேயே நின்றிருக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பும் கூட்டத்துக்குக் காலரா ஊசி போடுவார்கள், ரயிலேறுவதற்கு முன் வரிசை நகரும், நான் அலறுவேன், அப்பா பின்னாலிருந்து தன் உள்ளங்கையால் என் இரண்டு கண்களையும் மூடுவார். அந்தக் கைக்குள் இருட்டாக, வெதுவெதுப்பாக, டர்பன்டைன் வாடையோடு ஒரு சின்ன அறை. “முடிஞ்சுதா?” என்று அதற்குள்ளிருந்து கேட்பேன். “இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்பார், அப்போது முடிந்திருக்கும்.

“ஜெனி” என்கிறேன். “ம்.” “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” என் தோளிலிருந்து அவள் தலை நிமிரும் முன்பே, “பிலோமினா இருதயராஜ்” என்று கவுன்டர்ப் பெண் அழைக்கிறாள், எழுவதற்குள், “ஜெனிட்டா இருதயராஜ், நீங்களும் சேர்ந்தே வந்துருங்க” என்கிறாள். இரண்டாவது பெயரைத் தவறாகக் கேட்டுவிட்டேனென்று அப்படியே நிற்கிறேன். துணைக்கு வந்தவரின் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள் போலும், இப்போது எல்லாவற்றுக்கும் எல்லாரின் பெயரும் கேட்கிறார்கள். ஜெனி எழுந்து சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டிருக்கிறாள். காபி. காலையிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருந்தது இரக்கமில்லை, இது. “உனக்கு எப்படித் தெரியும்?” என்கிறேன், என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது. “ஃபோன்ல உன் மூஞ்சியப் பாத்தேன்மா. அழகா இருக்குன்னு சொன்னியே, அப்போ. உனக்குப் பொய் சொல்ல வராது. அன்னைக்கே நெட்ல தேடிப் பாத்துட்டேன்.” திண்டுக்கல்லில், லியோ வீட்டில், என்று நான் இழுக்கிறேன். “லியோகிட்ட சொல்லிட்டேன். அவங்க வீட்ல பிறக்கும்போதே சுகர்மா, ஸ்வீட் எடுக்க ஆளில்லாமத்தான் நிச்சயதார்த்தத்துக்கு மிக்சர் போட்டாங்க. அவங்க நம்மள என்ன சொல்லப் போறாங்க?” சிரிக்கிறாள், ஆனால் உதடு வெளுத்திருக்கிறது. “அப்பாகிட்ட இப்போ சொல்லாத, அழுவார்.” ஒரு மாதமாக இவள் அங்கே தனியாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் இங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். “ஒருவேள எனக்கு இல்லாமயும் இருக்கலாம்” என்கிறாள். இருக்கலாம் என்கிறேன். “இருந்தா மாத்திர, அவ்வளவுதானே?” மாத்திரைதான், ஓட்ஸ் கஞ்சியும் உண்டு. “அய்யோ, அதுக்கு நோவே தேவல.” கொழுப்பாடி உனக்கு என்று என் வாயிலிருந்து வருகிறது, அம்மாவின் குரலில், அம்மாவின் இழுப்போடு. “அதத்தான் பாக்கப் போறாங்க” என்கிறாள் ஜெனி.

திரைக்கு அந்தப்பக்கம் ஒரு நாற்காலி, ஒரு தலையணை, ஒரு நர்ஸ். யார் முதலில் என்கிறாள். நீ முதலில் உட்கார், பார்த்துக்கொண்டே இருந்தால் பயம் கூடும் என்று ஜெனியை உட்காரவைக்கிறேன். கை நீட்டுகிறாள். நர்ஸ் ரப்பர் பட்டையை இறுக்கி நரம்பைத் தட்டுகிறாள், நீலமாக எழும்புகிறது, என் கையில் எழும் அதே இடத்தில், ஒரே வரைபடத்தின் இரண்டு பிரதிகள்போல. ஜெனி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று என் உள்ளங்கையால் அவள் இரண்டு கண்களையும் மூடுகிறேன். இமைகள் கைக்குள் பட்டாம்பூச்சிபோல அடித்துக்கொண்டு பிறகு அடங்குகின்றன. மூக்கின் அருகே, என் நடுவிரலின் அடியில், ஒரு கடுகளவு மேடு தெரிகிறது. மிருதுவாக இருக்கிறது. டர்பன்டைன் பஞ்சில் அன்று என் விரலுக்குத் தட்டுப்பட்டதும் இதுதான், இத்தனை வருடம் அந்தத் தொடுகை எங்கே இருந்ததென்று தெரியவில்லை, மாறாமல் வந்து விரலடியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. நான் அதை அழுத்தவில்லை, துடைக்கவும் இல்லை. “கை நாறுதும்மா” என்கிறாள் உள்ளேயிருந்து. ஊசி இறங்கிவிட்டது, சின்னக் குழாயில் கருஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருக்கிறது, ஏறி நிறைகிறது, நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்துகிறாள்.

“முடிஞ்சுதா?” என்கிறாள் ஜெனி.

இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்கிறேன்.